17 முறை பார்த்தார்கள்: கேம்பிள் கைப்பட எழுதிய மனு

சிறையில் வைத்தியம் சரியில்லை என்று அமெரிக்கக் கைதி யார் வழக்குப் போட்டாலும் அதில் ஒரு பெயர் தவறாமல் வரும்: எஸ்டெல் எதிர் கேம்பிள், 1976. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்தால் அது அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது திருத்தம் தடுக்கும் கொடூரத் தண்டனைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்ன வழக்கு அது. வக்கீல் இல்லாமல் ஒரு கைதி சிறைக்குள்ளிருந்து கையால் எழுதிய மனுவில்தான் அது தொடங்கியது. அந்தக் கைதி தோற்றார்.

அவருடைய மனு பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கும் கட்டத்துக்கே வழக்கு போகவில்லை. அந்த மனுவில் என்ன எழுதியிருந்தார், நீதிமன்றம் அதை எப்படிப் படித்தது என்று பார்த்தால், வக்கீல் இல்லாமல் வழக்காடும் கைதிக்கு எங்கே இடறுகிறது என்பது தெரிகிறது.

பஞ்சுப் பொதி விழுந்த நாள் முதல்

1973 நவம்பர் 9. டெக்சாஸ் மாநிலச் சிறைக் கைதி ஜே. டபிள்யூ. கேம்பிள் லாரியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சிறை கொடுத்த வேலை. டெக்சாஸில் இந்த வேலைக்குக் கூலி கிடையாது, இன்றுவரை கிடையாது. சுமார் 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொதி ஒன்று அவர்மேல் விழுந்தது. அதற்குப் பிறகும் நான்கு மணி நேரம் வேலை பார்த்தார். உடம்பு விறைத்துப்போன பிறகுதான் சிறை மருத்துவமனைக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைத்தது. அங்கிருந்த மருத்துவ உதவியாளர் குடலிறக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டு மணி நேரத்துக்குள் வலி தாங்காமல் மறுபடியும் போனார். இன்னொரு கைதிதான் அங்கே நர்ஸ். அவர் வலி மாத்திரை கொடுத்தார். ஒரு மருத்துவரும் பார்த்தார்.

மறுநாள் கீழ் முதுகில் தசைப்பிடிப்பு என்று கண்டறிந்து, வலி மாத்திரையும் தசை தளர்த்தும் மாத்திரையும் கொடுத்து, வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருக்கலாம் என்று சீட்டு எழுதினார்கள். நவம்பர் 12 அன்று மருத்துவர் இன்னொரு உத்தரவும் போட்டார்: ஒரு வாரத்துக்கு இவரை மேல் படுக்கையிலிருந்து கீழ்ப் படுக்கைக்கு மாற்றுங்கள். சிறை நிர்வாகம் மாற்றவில்லை. முதுகு பிடித்துக்கொண்ட ஆள் மேலே ஏறிப் படுத்தார். இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிசம்பர் 3 அன்று, முதல் நாள் இருந்த வலி அப்படியே இருக்கிறது என்று கேம்பிள் சொன்னார். மருத்துவர் லேசான வேலை பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். வேலை செய்ய முடியாது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னதும் மற்ற கைதிகளிடமிருந்து பிரித்துத் தனிப் பிரிவில் வைத்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் நிறுத்தினார்கள். இரத்த அழுத்தமும் இருப்பது தெரியவந்து வேறொரு மருத்துவர் மருந்து எழுதினார். அந்தச் சீட்டை ஊழியர்கள் தொலைத்துவிட்டதால் நான்கு நாள் மருந்து வரவில்லை.

ஜனவரி 31 அன்று மீண்டும் குழு. இவருக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பு முதல் தரமாக இருக்கிறது என்று மருத்துவ உதவியாளர் சாட்சி சொன்னார். வேறு பரிசோதனை எதுவும் இல்லாமல் தனிமைச் சிறைக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 4 காலை 8 மணிக்கு, நெஞ்சு வலிக்கிறது, நினைவு தப்புகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இரவு 7.30 மணிக்குத்தான் ஒருவர் வந்து பார்த்தார். உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். இதய மின்பதிவு எடுத்து, துடிப்பு ஒழுங்கில்லை என்று குயினிடின் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். பிப்ரவரி 7-இல் மறுபடியும் நெஞ்சிலும் இடது கையிலும் முதுகிலும் வலி. காவலர்கள் டாக்டரிடம் விடவில்லை. மறுநாளும் விடவில்லை. 9-ஆம் தேதிதான் விட்டார்கள்.

11-ஆம் தேதி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

எந்தச் சட்டத்தில் போட்டார்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், கு கிளக்ஸ் கிளான் கும்பலை அடக்க 1871-இல் ஒரு சட்டம் வந்தது. மாநில அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறிப்பவர்மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது அதன் ஒரு பிரிவு. 1983-ஆம் பிரிவு என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதே 1871-இல்தான் வர்ஜீனியா நீதிமன்றம் ஒன்று, தண்டனைக் கைதி தண்டனை முடியும்வரை அரசின் அடிமை என்று எழுதியது. நெடுங்காலம் நீதிபதிகள் இந்த இரண்டாவது கருத்தின் பக்கமே நின்றார்கள். சிறைக்குள் நடப்பது சிறை அதிகாரியின் பாடு என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

1964-இல் இலினாய் மாநிலக் கைதி தாமஸ் கூப்பர் தொடுத்த வழக்கில், கைதியும் 1983-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்பது உறுதியானது. படித்த கைதி படிக்காத கைதிக்கு மனு எழுதிக் கொடுப்பதைச் சிறை அப்படியே தடுத்துவிட முடியாது என்று 1969-இல் ஜான்சன் எதிர் ஏவரி வழக்கு சொன்னது. 1972-இல் ஹெய்ன்ஸ் எதிர் கெர்னர். 66 வயதுக் கைதி ஒருவர் தனிமைச் சிறையில் தரையில் படுக்க வைக்கப்பட்டதால் பழைய கால் காயம் மோசமானதாகச் சொல்லித் தானே மனு எழுதியிருந்தார். வக்கீல் எழுதும் மனுவுக்கு வைக்கும் அளவுகோலை இவர்கள் மனுவுக்கு வைக்கக்கூடாது, தளர்த்திப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கேம்பிள் கையெழுத்துப் போட்ட நாளில் இந்த மூன்றும் அவர் பக்கம் இருந்தன.

வக்கீல் மட்டும் இல்லை. குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும். உரிமையியல் வழக்கில் அப்படி ஒரு கடமை அங்கே இல்லை. நீதிபதி விரும்பினால் ஒரு வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டாயப்படுத்த முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் ஊரில் சுனில் பத்ரா என்ற கைதி திகார் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்து, தனக்குத் துணையாக வக்கீலையும் அமர்த்தி விசாரித்ததைப் படித்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

தள்ளுபடி, மீட்பு, தள்ளுபடி

டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றம் மனுவைத் தானாகவே தள்ளுபடி செய்தது. இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படி நிவாரணம் கேட்க முகாந்திரம் இல்லை என்பது காரணம். சாட்சி இல்லை, ஆவணம் இல்லை, மருத்துவக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல் இதைத் திருப்பியது: முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே கூட எடுக்கவில்லையே, விசாரியுங்கள். மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே கேம்பிளுக்கு நீதிமன்றமே ஒரு வக்கீலை அமர்த்தியது.

1976 நவம்பர் 30 அன்று தீர்ப்பு. எழுதியவர் தர்குட் மார்ஷல். கைதி தன் வைத்தியத்துக்குச் சிறையை மட்டுமே நம்பியிருக்கிறான், அவர்கள் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே பார்ப்பது அரசின் கடமை என்கிறது முதல் பாதி. அதை மீறுவது எப்படியெல்லாம் நடக்கலாம் என்றும் சொல்கிறது. மருத்துவரே தெரிந்து அலட்சியம் செய்யலாம். காவலர்கள் வேண்டுமென்றே மருத்துவரிடம் விடாமல் தடுக்கலாம், தாமதப்படுத்தலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையை வேண்டுமென்றே குறுக்கே நின்று கெடுக்கலாம்.

இரண்டாம் பாதி கேம்பிளைப் பற்றியது. மூன்று மாதத்தில் இவரை மருத்துவப் பணியாளர்கள் 17 முறை பார்த்திருக்கிறார்கள். முதல் மருத்துவர் ஐந்து முறை, இரண்டாமவர் இரண்டு, மூன்றாமவர் மூன்று, மருத்துவ உதவியாளர் ஆறு, காயம்பட்ட அன்று ஒரு முறை. முதுகுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுப்பதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவு. தவறாக இருந்தால் அதிகபட்சம் அது மருத்துவக் கவனக்குறைவு. அதற்கு மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். பாதிக்கப்பட்டவர் கைதி என்பதால் மட்டும் அது அரசியலமைப்பு மீறல் ஆகிவிடாது. மருத்துவர்மேல் வழக்கு நிற்காது. சிறைத்துறை இயக்குநர் எஸ்டெல், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர்மேல் ஏதாவது நிற்குமா என்று பார்க்கக் கீழே அனுப்பினார்கள். 1977-இல் அதுவும் விழுந்தது.

17 என்ற எண் எங்கிருந்து வந்தது

மனுவிலிருந்து வந்தது. விசாரணையே நடக்காத வழக்கில் வேறு எங்கிருந்து வரும்? தேதி வாரியாக, இன்ன நாள் போனேன், இவர் பார்த்தார், இந்த மருந்து கொடுத்தார் என்று கேம்பிள் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். தன் துன்பம் எவ்வளவு நீண்டது என்று காட்ட அவர் போட்ட கணக்கைத்தான் நீதிமன்றம் கூட்டிப் பார்த்து, இத்தனை முறை பார்த்திருக்கிறார்களே என்றது.

தானே மனு எழுதும் எவரும் இப்படித்தான் எழுதுவார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கும் நம் ஊர்க்காரர் காலையில் பல் துலக்கியதிலிருந்து தொடங்குவதுபோல, நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் நேர்மை என்று மனம் சொல்லும். சட்டம் கேட்பது வேறு. யார், எந்தச் செயலால், எதைத் தெரிந்துகொண்டு என்று மூன்று கேள்வி. அந்த விடைகள் கேம்பிளின் பக்கங்களிலேயே சிதறிக் கிடந்தன.

இப்போது அந்தக் கீழ்ப் படுக்கைக்கு வருவோம். மருத்துவர் உத்தரவு போட்டார், நிர்வாகம் நிறைவேற்றவில்லை. எழுதிக் கொடுத்த சிகிச்சையைக் கெடுப்பது என்று மார்ஷல் வகுத்த வகைக்கு இதைவிட நேரான உதாரணம் தேட வேண்டியதில்லை. பிப்ரவரி 7, 8 தேதிகளில் நெஞ்சு வலியோடு இருந்தவரைக் காவலர்கள் தடுத்தது, மருத்துவரிடம் விடாமல் தடுப்பது என்ற வகை. பிப்ரவரி 4-இல் காலை 8 முதல் இரவு 7.30 வரை காக்க வைத்தது, தாமதம். வேண்டுமென்றே செய்தார்களா என்பது விசாரித்துத்தான் தெரியும். ஆனால் வழக்கு தொடங்கப் போதுமான உண்மைகள் இவை.

பின் ஏன் நிற்கவில்லை? பிரதிவாதிகளைப் பாருங்கள். டெக்சாஸ் சிறைத்துறை இயக்குநர் டபிள்யூ. ஜே. எஸ்டெல், சிறைக் கண்காணிப்பாளர் எச். எச். ஹஸ்பண்ட்ஸ், தலைமை மருத்துவர் ரால்ஃப் கிரே. மேலே உட்கார்ந்திருந்த மூவர். டாக்டரிடம் விடாத காவலர்கள் மனுவில் பிரதிவாதிகள் இல்லை. படுக்கையை மாற்றாத அதிகாரி இல்லை. பொறுப்பில் இருப்பவர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று கேம்பிள் நினைத்திருக்கலாம். சாதாரண மனிதன் அப்படித்தான் நினைப்பான். 1983-ஆம் பிரிவிலோ ஒவ்வொருவரும் தான் செய்ததற்கு மட்டுமே பொறுப்பு. தவறு செய்த கைகள் ஒரு பக்கமும் வழக்கில் சேர்க்கப்பட்ட பெயர்கள் இன்னொரு பக்கமுமாகப் போய்விட்டன.

ஒரு வக்கீல் முதல் மாதத்திலேயே செய்திருக்கக்கூடியது இரண்டு. அந்தக் காவலர்களின் பெயர்களைக் கண்டுபிடித்து மனுவைத் திருத்தியிருப்பார். 17 சந்திப்புகளில் தேவையானதை மட்டும் எடுத்து, படுக்கையையும் நெஞ்சு வலியையும் முன்னுக்கு வைத்திருப்பார். உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் கிடைத்தபோது இரண்டுக்கும் நேரம் கடந்துவிட்டது. அவரும் வேறு என்ன பரிசோதனை செய்திருக்கலாம் என்ற திசையிலேயே வாதத்தைக் கொண்டுபோனார். மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு எக்ஸ்ரேயில் நின்றதால் வேறு வழி இருந்ததா என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மார்ஷலுக்கு மிக எளிதாக இருந்த கேள்வி அதுதான்.

ஜான் பால் ஸ்டீவன்ஸ் மட்டும் மாறுபட்டார். கையால் எழுதிய இந்த மனுவை வைத்துக்கொண்டு கிடைத்த வைத்தியம் நல்லதா கெட்டதா என்று எடைபோடவே முடியாது, பிறகு எப்படி இப்போதே முடிக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. டெக்சாஸ் சிறைகளில் 17,000 கைதிகளுக்குச் சில காலங்களில் ஒன்று முதல் மூன்று மருத்துவர்களே இருந்தார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். கூட்டம் நெரியும் சிறையில் ஆள் பற்றாத மருத்துவக் குழு, நோயைத் தேடாமல் வலி மாத்திரையை மட்டும் வழக்கமாகக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் 17 சந்திப்பு என்பது கவனிப்புக்குச் சாட்சி அல்ல. எனக்கு ஸ்டீவன்ஸ் சொன்னதே சரியாகப் படுகிறது. ஹெய்ன்ஸ் வழக்கின் தளர்ந்த அளவுகோலைப் பெரும்பான்மைத் தீர்ப்பும் மேற்கோள் காட்டுகிறது. காட்டிவிட்டு, பயன்படுத்தவில்லை.

அதே சிறைத்துறை, இன்னொரு கையெழுத்து மனு

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வெளியே போக வேண்டாம். 1972 ஜூனில் டெக்சாஸ் சிறையிலிருந்தே டேவிட் ரூயிஸ் என்ற கைதி கைப்பட ஒரு மனு எழுதினார். அது நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் கையில் போய்ச் சேர்ந்தது. அவர் அதை உடனே எடைபோடவில்லை. 1974-இல் வேறு ஏழு கைதிகளின் மனுக்களையும் அதனுடன் சேர்த்து, உரிமை வழக்குகளில் தேர்ந்த வில்லியம் பென்னட் டர்னரை வக்கீலாக அமர்த்தினார். மத்திய அரசின் நீதி அமைச்சகத்தையும் வழக்குக்குள் இழுத்தார். வழக்கு டெக்சாஸ் கைதிகள் எல்லோருக்குமான வழக்காக மாறியது.

1978 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. 159 நாள், 349 சாட்சிகள். 1980 டிசம்பரில் வந்த தீர்ப்பு, டெக்சாஸ் சிறைகளின் நெரிசல், பாதுகாப்பு, கைதிகளையே கங்காணிகளாக வைத்து மற்ற கைதிகளை அடக்கிய முறை, மருத்துவம் எல்லாவற்றையும் சட்டவிரோதம் என்றது. மருத்துவப் பயிற்சி இல்லாத கைதிகள் அறுவை வேலை வரை செய்தது சாட்சியங்களில் வந்தது. மருத்துவத்தை அளக்க நீதிபதி எடுத்துக்கொண்ட அளவுகோல் எஸ்டெல் எதிர் கேம்பிள். வழக்கின் பெயர் ரூயிஸ் எதிர் எஸ்டெல். பிரதிவாதி அதே இயக்குநர்.

இரண்டு மனுவும் கையெழுத்து மனு, இரண்டும் ஒரே சிறைத்துறையின்மேல், எழுதிய இருவரும் சட்டம் படிக்காதவர்கள். ரூயிஸின் மனுவுக்கு வக்கீல் வந்த பிறகு தீர்ப்பு வந்தது. கேம்பிளின் மனுவை மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகுதான் வக்கீல் வந்தார். ஸ்டீவன்ஸ் ஊகமாகச் சொன்ன ஆள் பற்றாத மருத்துவக் குழு, நான்கு வருடம் கழித்து அதே மாநிலத்தில் சாட்சியங்களோடு நிரூபணமானது.

1996-க்குப் பிறகு

1995-இல் அமெரிக்கக் கைதிகள் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஆண்டுக்குச் சுமார் 40,000 உரிமை வழக்குகள் போட்டார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் வக்கீல் இல்லாதவை. சாப்பாட்டில் எந்த வகை வேர்க்கடலை வெண்ணெய் வந்தது என்றெல்லாம் வழக்குப் போடுகிறார்கள் என்று அரசியல்வாதிகள் கேலி பேசினார்கள். அப்படிப்பட்ட வழக்குகள் இருந்தது உண்மைதான், பொழுது போகாமல் எழுதும் ஆட்கள் எந்தச் சிறையிலும் உண்டு. 1996 ஏப்ரலில் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த வேலியில் கேம்பிள் போன்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

கேம்பிளின் மனு இன்று போடப்பட்டால் என்ன ஆகும்? முதலில் சிறையின் உள் புகார் முறை முழுவதையும் கடந்து வர வேண்டும். காலக்கெடு தவறினால் வழக்கும் போச்சு என்று 2006-இல் வுட்ஃபோர்ட் எதிர் இங்கோ வழக்கு சொல்லிவிட்டது. டெக்சாஸில் முதற்படிப் புகாருக்கு 15 நாள். படுக்கையை மாற்றாதது நவம்பர் 12-ஐ ஒட்டி நடந்தது. நவம்பர் முடிவதற்குள், முதுகு வலியோடு, அந்த ஒரு விஷயத்துக்கென்று தனிப் படிவம் போட்டிருக்க வேண்டும். அது வழக்காகும் என்று அவருக்கு அப்போது யார் சொல்லியிருப்பார்கள்?

அடுத்தது மூன்று தடவைக் கணக்கு. அற்பமானது என்றோ முகாந்திரம் இல்லை என்றோ மூன்று வழக்குகள் தள்ளுபடியான கைதி, உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, இனி முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டாமல் வழக்குப் போட முடியாது. கேம்பிளின் மனு முகாந்திரம் இல்லை என்றுதான் தள்ளுபடியானது. நாட்டின் எல்லாக் கைதிகளுக்கும் மருத்துவ உரிமை வாங்கித் தந்த மனு, இன்றைய கணக்கில் அவர் பெயரில் ஒரு தப்பாகப் பதிவாகியிருக்கும்.

2007-இல் ஒரு சின்ன மாறுதல் தெரிந்தது. கொலராடோ கைதி வில்லியம் எரிக்ஸனுக்குக் கல்லீரல் அழற்சி சி வகைக்கான சிகிச்சையைச் சிறை நிறுத்திவிட்டது. வக்கீல் இல்லாமல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் விவரம் போதவில்லை என்று தள்ளின. உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், எஸ்டெல் எதிர் கேம்பிளை மேற்கோள் காட்டி, தானே எழுதிய மனுவைத் தளர்த்திப் படிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. கேம்பிளுக்குக் கொடுக்காத சலுகையை அவர் பெயரைச் சொல்லியே இன்னொருவருக்குக் கொடுத்தார்கள்.

ஆனாலும் கட்டணம் அப்படியே இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் ஏழைக் கைதிக்கு 350 டாலர். கட்டண விலக்கு கிடையாது, தவணை மட்டும்தான்: சிறைக் கணக்கில் வரும் பணத்தில் மாதந்தோறும் 20 சதவீதம் பிடிப்பார்கள். டெக்சாஸில் கைதிக்குக் கூலி இல்லாததால் அந்தக் கணக்கில் விழுவது பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் பணம். வழக்கு முதல் வாரத்திலேயே தள்ளுபடியானாலும் 350 டாலர் தீரும்வரை பிடித்தம் நடக்கும்.